டைப் ஆர் வண்டியின் இடப்பக்க சீட்டை மாற்றலாமா? மனைவிக்கு இடுப்பு டிஸ்க் வலி

கிள்ளான்குமரன் | ஞாயிறு, இரவு 10:15

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2008 ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 மாடல், அதாவது சிவிக்கின் ஓட்டப்பந்தய வகை. வெள்ளை வண்டி, உள்ளே சிவப்பு சீட். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. நானும் என் மனைவியும் முதன்முதலில் கேமரன் மலைக்குப் போனது இதில்தான்.

போன வருஷம் அவளுக்கு இடுப்பில் டிஸ்க் பிதுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை வேண்டாம், பயிற்சியிலேயே சரிப்படுத்தலாம் என்றார் மருத்துவர். இப்போது எவ்வளவோ பரவாயில்லை. ஆனால் இந்த வண்டியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியவில்லை. ஈப்போவில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கடைசியாகப் போனபோது உலு பெர்ணம் ஓய்வுத்தலத்தில் ஒரு தடவை, தாப்பாவில் ஒரு தடவை நிறுத்தினோம். தாப்பாவில் இறங்கியவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிமிரவே இரண்டு நிமிடம் ஆனது. திரும்பும்போது பஸ்ஸில் வருகிறேன் என்றாள். அன்றிலிருந்து இந்த யோசனைதான்.

வீட்டில் இருக்கும் இன்னொரு சின்ன வண்டி மைவியில் போகலாமே என்று கேட்பீர்கள். போகிறோம். ஆனால் இந்த வண்டியில் அவள் ஏறாமல் போவது எனக்குச் சரியாகப்படவில்லை.

சீட்டைக் குறை சொல்லவில்லை. ஓடுதளத்தில் ஆளைப் பிடித்து வைக்கச் செய்த சீட், அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. அவள் இடுப்புக்கு அது ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். மேலே ஒரு மெத்தை போடுவதா, உள்ளிருக்கும் ஃபோமை மாற்றுவதா, சீட்டையே மாற்றுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

விடெக்வேலு | ஞாயிறு, இரவு 11:02

குமரன், தங்கச்சி சீக்கிரம் குணமாகட்டும்.

வண்டி விஷயத்தில் என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எஃப்டி2 ஜப்பானில் 2007 முதல் 2010 வரைதான் செய்தார்கள். பழைய டைப் ஆர்களில் ரெக்காரோ கம்பெனியின் சீட் வந்தது. இதில் ஹோண்டா தானே வடிவமைத்த சீட். அதைப் பிரித்து ஃபோமை வெட்டினால் திரும்பக் கொண்டுவர முடியாது. துணி கிடைக்காது, அந்தத் தையல் கிடைக்காது. தயவுசெய்து வெட்டாதீர்கள். 225 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்கு மேலும் ஏறும் இன்ஜின், அதற்கேற்ற இறுக்கமான சஸ்பென்ஷன். நீண்ட பயணத்துக்கு மைவி போதும் என்றுதான் நினைக்கிறேன்.

பட்டறைமணியம் | திங்கள், காலை 6:48

தம்பி, ஈப்போவில் 31 வருஷமா சீட் வேலை பாக்கிறேன். மூணையும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

மேல மெத்தை போடறது வேண்டாம். மெத்தை மேல உக்காந்தா இடுப்பு ரெண்டு அங்குலம் ஏறும், ஆனா பெல்ட் பூட்டு பழைய இடத்துலயே நிக்கும். மடியில் விழற பெல்ட் இடுப்பு எலும்புல உக்காரணும். மெத்தை மேல இருந்தா, மோதும்போது மெத்தை நசுங்கி ஆள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிட்டுப் போவாங்க, பெல்ட் வயித்துல ஏறிடும். குடலுக்கு ஆபத்து. முதுகுக்குப் பின்னால ஒரு சின்ன திண்டு வைக்கிறது வேற விஷயம், அது பரவாயில்லை.

ஃபோம் மாத்தறது முடியும். ஆனா வேலு சொல்றதும் சரிதான், அந்தத் துணியைப் பிரிச்சா மறுபடி அதே மாதிரி வராது.

மூணாவதுதான் உனக்கு வழின்னு நினைக்கிறேன். டைப் ஆரும் சாதா சிவிக் எஃப்டியும் ஒரே உடம்பு. தரையில் இருக்கிற நாலு போல்ட் துளையும் ஒண்ணுதான். சாதா எஃப்டிக்காரங்க டைப் ஆர் சீட்டை வாங்கி வெட்டு ஒட்டு இல்லாம மாட்டிக்கிறாங்க. நீ அதைத் தலைகீழா செய். 1.8 சிவிக் சீட் ஒண்ணு எடுத்து மாட்டு, உன் சீட்டைச் சுத்தி வீட்டுல வை. எப்ப வேணும்னாலும் திரும்ப மாட்டிக்கலாம்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். அவங்களுக்கு எந்த இடத்துல வலிக்குது, எப்ப வலிக்குது? நீ எழுதினதுல அது இல்லை.

இயன்மலர் | திங்கள், மதியம் 1:20

நான் பிசியோதெரபிஸ்ட். மணியம் ஐயா கடைசியில் கேட்டாரே, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அண்ணியிடம் கேட்டு எழுதுங்கள். அதுவரை பொதுவாகச் சில விஷயங்கள்.

ஓட்டுபவரைவிடப் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் உடல் அதிகம் அலுக்கும். உங்கள் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, இடது கால் ஊன்ற இடம் இருக்கிறது, வளைவு வருவது முன்பே தெரியும். அவருக்குப் பிடிமானம் இல்லை, அடுத்த குலுக்கல் எப்போது வரும் என்றும் தெரியாது. அதனால் முதுகுத் தசைகள் வழி முழுக்க இறுகியே இருக்கும்.

உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழும் அதிரும்போது விநாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை என்ற வேகத்தில்தான் முதுகெலும்பு மிக அதிகமாக ஆடும். சீட்டின் ஃபோம் மிக மெல்லியதாக இருந்தால் தரையின் அதிர்வு அப்படியே வரும். மிக மிருதுவாக இருந்தாலும் நல்லதில்லை. உடல் முழுக்க அமிழ்ந்து அடித்தகட்டில் போய் இடிக்கும். 'மெத்து மெத்து' என்று இருப்பது வேறு, முதுகுக்கு நல்லது என்பது வேறு.

சாய்மானக் கோணமும் முக்கியம். ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட, சாயாமல் உட்காரும்போது அழுத்தம் கூடுவதைக் கண்டார். பின்னால் வந்த ஆய்வுகளில் அந்த எண்கள் மாறின. ஆனால் சற்றே பின்சாய்ந்து, இடுப்பின் உள்வளைவுக்குத் தாங்கலும் கொடுத்தால் அழுத்தம் குறையும் என்பதை நாங்கள் இன்றும் தினமும் சொல்கிறோம். 100 முதல் 110 டிகிரி வரை சாய்த்துப் பாருங்கள். அதற்கு மேல் படுத்தால் பெல்ட் தோளில் நிற்காது.

ஜொகூர்ஜெகன் | திங்கள், இரவு 8:33

நான் இதைச் செய்தவன், வேறு வண்டியில். இடப்பக்கத்துக்கு ரெக்காரோ எஸ்ஆர்-7 போட்டேன், அதிலும் லாஸிக் என்ற வகை. வழக்கமான எஸ்ஆர்-7ல் தொடைப் பக்கத் திண்டு உயரமாக இருக்கும். லாஸிக்கில் அது தாழ்ந்து கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும், ஏறி இறங்கச் சுலபம். முதுகுக்கென்றே எர்கோமெட் என்று தனி வரிசையும் அவர்களிடம் உண்டு, காற்றடித்து இடுப்புத் தாங்கலைக் கூட்டிக் குறைக்கலாம். விலைதான் கனம். வண்டிக்கேற்ற பிராக்கெட் தனியாக வாங்க வேண்டும்.

போலிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் ஊரில் ஜப்பான் பெயர் போட்ட போலி சீட்டுகள் நிறையவே புழங்குகின்றன. வெளித்துணி அச்சு அசலாக இருக்கும். உள்ளே இரும்புச் சட்டம் எப்படிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியாது. பெல்ட் பூட்டு அந்தச் சீட்டில்தான் தொங்குகிறது. மோதும்போது ஆளின் பாரம் முழுவதையும் அந்தச் சட்டமும் நான்கு போல்ட்டும்தான் தாங்க வேண்டும்.

சுபாங்சரவணன் | திங்கள், இரவு 9:10

நான் சாதா எஃப்டி 1.8 வைத்திருக்கிறேன். டைப் ஆர் சீட் தேடிக்கொண்டிருப்பவன், அதனால் இந்த இழையை ஆவலோடு படிக்கிறேன். ஒரு யோசனை: சாதா சிவிக்கில் ஓட்டுநர் சீட்டுக்குத்தான் உயரம் கூட்டும் கைப்பிடி உண்டு. அதை இடப்பக்கம் மாட்டினால் என்ன?

பட்டறைமணியம் | செவ்வாய், காலை 6:30

முடியாது தம்பி. ஓட்டுநர் சீட்டுல பெல்ட் பூட்டு இடப்பக்கம் இருக்கும், இவங்களுக்கு வலப்பக்கம் வேணும். சாய்க்கிற கைப்பிடியும் நடு மேடைப் பக்கம் போய் மாட்டிக்கும். சிலர் பூட்டைக் கழட்டி மறுபக்கம் பத்தவைக்கிறாங்க. நான் செய்ய மாட்டேன், யாரையும் செய்யவும் விடமாட்டேன்.

சீட்டுக்கு அடியில் இரும்பு வளையம் அடுக்கி உயர்த்தறதும் அப்படித்தான். போல்ட் நீளமாகும், ஒவ்வொரு குலுக்கலும் அதை வளைச்சுக்கிட்டே இருக்கும்.

கிள்ளான்குமரன் | செவ்வாய், இரவு 9:55

மணியம் ஐயா, மலர், நீங்கள் கேட்டதை அவளிடம் கேட்டேன். 'நானே எழுதுகிறேன்' என்றாள். கீழே இருப்பது அவள் எழுதியது.

*வணக்கம். இவர் எழுதியதை எல்லாம் படித்தேன். சில விஷயங்களை நான் இவரிடமே சொன்னதில்லை.*

*வலி உட்கார்ந்தவுடன் வருவதில்லை. இறங்கும்போதுதான் உயிர் போகிறது. சீட் பள்ளத்தில் இருக்கிறது, தொடைப் பக்கத்தில் மேடு இருக்கிறது. காலை வெளியே எடுக்க நான் இடுப்பைத் திருப்பி, அந்த மேட்டைத் தாண்டி எம்ப வேண்டும். அந்தத் திருப்பல்தான் என்னைக் கொல்கிறது. அதை நினைத்தே தாப்பா வருவதற்கு முன்னால் பயம் வந்துவிடும்.*

*நான் ஐந்தடிதான். சீட்டைப் பின்னால் தள்ளினால் என் குதிகால் தரையில் சரியாகப் பதியாது, தொடை தொங்கும். முன்னால் இழுத்தால் முன்பலகை முகத்துக்கு நேராக வருகிறது, ஏர்பேக் பக்கத்தில் உட்காரப் பயமாக இருக்கிறது. தோள் பக்கத் திண்டு என் தோளை முன்னால் தள்ளுகிறது, அதனால் கூன் போட்டே உட்காருகிறேன். இது இவர் அளவுக்கு ஏற்ற சீட், என் அளவுக்கு இல்லை.*

*இன்னொன்று. இந்த வண்டி கெட்டுப்போவதற்கு நான் காரணமாகிவிடக் கூடாது என்றுதான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். இந்த வண்டி எனக்கும் பிடிக்கும். ஆறாயிரம் சுற்றைத் தாண்டும்போது வரும் அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும்.*

விடெக்வேலு | செவ்வாய், இரவு 10:20

தங்கச்சி, மைவி போதும் என்று நான் எழுதியது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

குமரன், சீட்டை மாற்றுங்கள். பழையதை வைக்க இடம் இல்லையென்றால் என் வீட்டுக் கொட்டகையில் வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். குலுக்கல் குறைய டயர் யோசனை ஒன்றும் சொல்கிறேன். இப்போது 225/40, 18 அங்குலம். டயரின் பக்கச் சுவர் 90 மில்லிமீட்டர்தான். 225/45, 17 அங்குலம் போட்டால் 101 மில்லிமீட்டர். மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், வேகமானி ஏமாற்றாது. ஆனால் முன்னால் பெரிய பிரெம்போ பிரேக் இருப்பதால் எல்லா 17 அங்குல ரிம்மும் நுழையாது. மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

இயன்மலர் | புதன், காலை 7:45

அண்ணி, நீங்கள் எழுதியது பாதி வேலையை முடித்துவிட்டது. இதுவரை நாங்கள் எல்லாரும் உட்காருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது ஒரு காலை மட்டும் எடுக்காதீர்கள். முழங்கால் இரண்டையும் சேர்த்து, தோளும் இடுப்பும் ஒன்றாக ஒரே கட்டையாகக் கதவுப் பக்கம் திரும்புங்கள். இரண்டு பாதமும் வெளியே பதிந்த பிறகு கையை ஊன்றி எழுங்கள். அந்தத் தொடைத் திண்டு உயரமாக இருக்கும்வரை இது கஷ்டம். அதனால் தட்டையான சீட் உங்களுக்கு அவசியம்.

ஏர்பேக்கிலிருந்து மார்பு குறைந்தது 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். சீட்டைப் பின்னாலேயே வைத்து, காலுக்கு ஏதாவது உயரம் கொடுப்பதுதான் நல்லது. தொடையும் பாதமும் ஊன்றினால் இடுப்பு பின்னால் உருளாது.

பட்டறைமணியம் | புதன், காலை 9:12

அப்ப சாதா சிவிக் சீட்தான். தொடைத் திண்டு தாழ்வு, தோள்பக்கம் விரிஞ்சிருக்கும், உக்கார்ற உயரமும் கூட. ரெக்காரோவுக்குச் செலவு பண்ண வேண்டியதில்லை.

காலுக்கு நான் ஒண்ணு செஞ்சு தர்றேன். பலகை போடக் கூடாது, மோதினா கணுக்கால் போயிடும். கெட்டி ஃபோமைச் சரிவா வெட்டி, கார்ப்பெட் துணி சுத்தி, அடியில் முள்பட்டை (வெல்க்ரோ) ஒட்டித் தர்றேன். அழுத்தினா நசுங்கணும், ஆனா நகரக் கூடாது.

சீட் வாங்கப் போறப்ப அவங்களைக் கூட்டிட்டுப் போ. கடையிலேயே தரையில் வச்சு கால் மணி நேரம் உக்காரச் சொல்லு.

கிள்ளான்குமரன் | ஞாயிறு, மாலை 6:40

நேற்றும் இன்றும் ஹாஃப்கட் கடைகளில், அதாவது பழைய வண்டிகளின் பாகம் விற்கும் கடைகளில், அலைந்தோம். முதல் கடையில் அழகான கருப்பு சீட் ஒன்று, விலையும் குறைவு. அவள்தான் மூக்கைச் சுளித்தாள். தூக்கி அடியைப் பார்த்தால் ஸ்லைடு முழுக்க பொரிப்பொரியாகத் துரு, ஃபோமில் மண் வாடை. வெள்ளத்தில் முங்கிய வண்டியின் சீட். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பக்கம் எத்தனை வண்டி கூரைவரை முங்கியது என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட சீட் எதுவும் கடைக்கு வரக்கூடும். வாங்குபவர்கள் மேலே தடவிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பெல்ட் பூட்டைப் பத்துத் தடவை மாட்டிக் கழற்றுங்கள், ஸ்லைடைக் கடைசிவரை ஓட்டுங்கள், ஒயர் பிளக்குக்குள் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள்.

மூன்றாவது கடையில் கிடைத்தது. 350 ரிங்கிட். சாம்பல் துணி சீட், இடித்த வண்டியில்லை, அந்த வண்டியின் முன்பலகையும் ஏர்பேக்கும் அப்படியே இருந்தன. அவள் கால் மணி நேரம் உட்கார்ந்தாள். மலர் சொன்ன மாதிரி முழங்காலைச் சேர்த்துத் திரும்பி எழுந்தாள். என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

புதுஉறுப்பினர்27 | ஞாயிறு, இரவு 8:05

சீட்டை மாற்றும்போது ஏர்பேக் விளக்கு எரிந்தால் கவலை வேண்டாம். பிளக்கில் ஒரு ரெசிஸ்டர் சொருகினால் அணைந்துவிடும். நிறைய பேர் செய்கிறார்கள்.

ஜொகூர்ஜெகன் | ஞாயிறு, இரவு 8:30

தம்பி, அதை யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ரெசிஸ்டர் கணினியை ஏமாற்றும். 'பக்க ஏர்பேக் இருக்கிறது' என்று அது நம்பிக்கொண்டிருக்கும், மோதும்போது அங்கே ஒன்றும் இருக்காது. விளக்கு எரிந்தால் ஏன் எரிகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

குமரன், முதலில் உங்கள் பழைய சீட்டுக்கு அடியில் ஏர்பேக்கின் மஞ்சள் பிளக் இருக்கிறதா, சாய்மானத்தின் ஓரத்தில் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அதே வகை ஏர்பேக் உள்ள சீட்டைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும். இன்னொன்று, கிராண்டில் (வண்டிப் பதிவுப் பத்திரத்தில்) இருக்கும் இருக்கை எண்ணிக்கை மாறவில்லை என்றாலும், காப்புறுதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டு வையுங்கள்.

கிள்ளான்குமரன் | சனி, இரவு 9:18

மாட்டியாகிவிட்டது. ஈப்போ பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். அவள் மைவியில் பின்னால் வந்தாள், அவள் தம்பி ஓட்டினான்.

என் சீட்டின் அடியில் மஞ்சள் பிளக் இல்லை, முத்திரையும் இல்லை. இருந்தாலும் மணியம் ஐயா பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று நிமிடம் சும்மா நின்றார். அதற்குப் பிறகே போல்ட்டில் கை வைத்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நான்கையும் முதலில் கையால் திருகி, சீட்டை முன்னும் பின்னும் ஓட்டி, இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் பூட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை எடுத்தார். முறுக்கு அளவை ஹோண்டா சர்வீஸ் புத்தகத்தில் பார்த்தே வைத்தார். 31 வருஷ அனுபவம் உள்ளவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தது என் மனதில் நிற்கிறது.

சிவப்பு சீட் ஒன்று, சாம்பல் சீட் ஒன்று. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லைதான். இரண்டு நாள் கண்ணை உறுத்தும் என்று நினைத்தேன், உறுத்தவில்லை.

திரும்பும்போது அவள் என்னோடு வந்தாள். சாய்மானம் கிட்டத்தட்ட 105 டிகிரி, இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய சின்னத் துண்டு, காலடியில் ஐயா செய்து கொடுத்த சரிவு. சாலையின் குலுக்கல் முழுவதும் போய்விடவில்லை. டோலுக்கு முன்னால் இருக்கும் பட்டைக் கோடுகளில் இன்னும் தட்தட் என்றுதான் இருக்கிறது. ஆனால் எங்கேயும் நிறுத்தச் சொல்லவில்லை. ரவாங் தாண்டி நானே நிறுத்திக் கேட்டேன், போகலாம் என்றாள். வீட்டு வாசலில் கதவைப் பிடிக்காமல் இறங்கினாள்.

இயன்மலர் | சனி, இரவு 10:01

ரொம்ப சந்தோஷம் அண்ணா. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். வலி இல்லாத நாளிலும்தான்.

சுபாங்சரவணன் | சனி, இரவு 10:26

குமரன் அண்ணே, வாழ்த்துகள். கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அந்தச் சிவப்பு சீட்டைக் கொடுப்பீர்களா? நல்ல விலை தருகிறேன்.

கிள்ளான்குமரன் | சனி, இரவு 10:50

கொடுக்க மாட்டேன் தம்பி, கோபித்துக்கொள்ளாதே. வேலு வீட்டுக் கொட்டகைக்கு நாளை போகிறது. நீ வந்து உட்கார்ந்து பார், அளவெடுத்துக்கொள். உனக்குச் சோடியாகக் கிடைக்க நானும் தேடுகிறேன்.

பட்டறைமணியம் | மூன்று வாரம் கழித்து, வியாழன், காலை 6:35

தம்பி, 500 கிலோமீட்டர் ஓடியிருக்குமே. நாலு போல்ட்டையும் மறுபடி ரெஞ்ச் வச்சுப் பாத்தியா?

கிள்ளான்குமரன் | வியாழன், இரவு 9:30

பார்த்துவிட்டேன் ஐயா, நான்கும் அசையவில்லை. அடுத்த வாரம் தீபாவளிக்கு ஈப்போ வருகிறோம், டைப் ஆரில்தான். பட்டறைக்கு முறுக்கு கொண்டுவருகிறேன் என்று அவள் சொல்லச் சொன்னாள்.